பட்டனில் வைத்த பொட்டு

"தூங்குதா, இல்ல போயே போச்சா?"

"தூங்குதுங்க சார்."

"தூங்குறதுன்னா மூச்சு இருக்கணுமே."

"அந்தப் பச்சை லைட்டு விட்டு விட்டு எரியுது பாருங்க. அதான் மூச்சு."

"அப்ப உசுரு இருக்குது. உசுரோட இருக்கற மெஷினுக்கு எப்படிம்மா பூஜை போடறது?"

கேட்டுவிட்டுக் கங்கப்பன் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் குனிந்து, அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்தார். அது அணைந்தது, அவர் நிமிரப் போகும்போது மறுபடி எரிந்தது.

ஓசூர் சிப்காட்டில் கங்கப்பனுக்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருந்தது. பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு வாஷரும் கிளாம்பும் அடித்துக் கொடுக்கும் ஷெட். முனிலட்சுமி அங்கே டெஸ்பாட்ச் கிளார்க். சரக்கு வெளியே போகும்போது கூடவே போக வேண்டிய சலான் எல்லாம் அவள் கம்ப்யூட்டரிலிருந்துதான் வரும். இன்று ஆயுத பூஜை. தகடு அடிக்கும் பிரஸ்களைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தூணுக்குத் தூண் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எப்போதும் காதை அடைக்கும் ஷெட்டில் அன்றைக்குக் காக்கையின் குரல் கேட்டது.

"பிரஸ்ஸை நிறுத்தியாச்சு. லேத்தை நிறுத்தியாச்சு. கம்ப்ரஸர்ல இருந்த காத்தைக்கூட இறக்கி விட்டாச்சு. இது மட்டும் அரைக்கண்ணுல படுத்திருந்தா சாமி ஒத்துக்குமா? அணைச்சுடும்மா."

"அணைச்சா நாளைக்கு எந்திரிக்காதுங்க சார். பட்டன்தான் உங்களுக்கே தெரியுமே."

பட்டன் கெட்டது பிரஸ் சூப்பர்வைசர் சுடலைமுத்துவால். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஷெட் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பிரஸ்ஸில் பட்டன் என்பது காளான் குடை மாதிரி பெரிதாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அடித்தால்தான் பிரஸ் இறங்கும். கை அச்சுக்குள் மாட்டாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. இரண்டு மாதத்துக்கு முன்னால் முனிலட்சுமி சாப்பிடப் போயிருந்த நேரம், அவசரமாக ஒரு சலான் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. சுடலைமுத்து பழக்க தோஷத்தில் பெரிய பட்டனை ஓர் உள்ளங்கையாலும், அதன் கீழே பொட்டு மாதிரி இருந்த சின்ன பட்டனை இன்னொரு உள்ளங்கையாலும் ஓங்கி அடித்தார். சின்னது பள்ளத்துக்குள் இருந்ததால் தப்பியது. பெரியது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

"ரெண்டு கையாலயும் அடிக்கணும்லா? அதான சேஃப்டி!" என்று அன்றைக்கு அவர் வாதாடியதை ஷெட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சர்வீஸ்காரன் மணிகண்டன் வந்து பார்த்துவிட்டு, பெட்டியையே மாற்ற வேண்டும் என்றான். பட்டன் போனதற்குப் பெட்டி மாற்றுவதா என்று கங்கப்பன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு முனிலட்சுமி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் திரையில் மூன்று சதுரங்கள் வரும். சிவப்பை அமுக்கினால் மொத்தமாக அணைந்துவிடும். அப்புறம் எழுப்ப அந்தப் பாழாய்ப்போன பட்டன் வேண்டும். மஞ்சளை அமுக்கினால் தூங்கும். காலையில் மவுஸைத் தொட்டால் போதும், எழுந்துவிடும். அவள் சிவப்புப் பக்கமே போகவில்லை. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. நேற்று பாதியில் விட்ட வரியில் கர்சர் அப்படியே துடித்துக்கொண்டு காத்திருக்கும். நாவலில் விரல் வைத்து மூடிய பக்கத்தைத் திரும்பத் திறப்பது போல.

தொல்லை, கரண்ட் போனால்தான். யு.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அப்போது கொண்டை ஊசியைப் பட்டனின் இடது ஓரத்தில் செருகி, நெம்பி, ஓர் அமுக்கு அமுக்கி, உடனே வெளியே இழுக்க வேண்டும். இழுக்கத் தாமதமானால் எழுந்ததும் மறுபடி அணைந்துவிடும். இந்த வித்தை ஷெட்டில் அவள் ஒருத்திக்குத்தான் கைவந்தது. ஆகவே இரண்டு மாதமாக அவளுக்கு லீவு கிடையாது.

இப்போது அவளுக்கு லீவு வேண்டும். கடல் பார்க்க வேண்டும்.

பேக்கிங் செக்‌ஷன் பொற்கொடியும் அவளும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். பொற்கொடிக்குத் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டி வீடு. பூஜைக்கு ஊருக்குப் போகிறவள் முனிலட்சுமிக்கும் சேர்த்து சீட்டு எடுத்திருந்தாள். இன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து வரும் பஸ். முனிலட்சுமிக்குத் தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரத்துக் கிராமம். ராகிக் கொல்லையில் இறங்கிய யானைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். கடலை மட்டும் பார்த்ததில்லை. நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்து படிக்கிற வெளிதேசத்து நாவல்களில் எல்லாரும் ஒரு தடவையாவது கடற்கரைக்குப் போய் நின்று, தூரத்தில் ஒரு கப்பலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பக்கங்களில் அவள் ஓசூர் ஏரியை வைத்துத்தான் சமாளித்து வந்தாள்.

"ஆனைய வாசல்ல பாத்தவ, கடலைப் பாக்கலியாம். யாராவது நம்புவாளா?" என்பாள் பொற்கொடி.

லீவு கேட்டபோது கங்கப்பன் சிரித்தார். "கடல்ல என்னாம்மா இருக்குது? தண்ணி. நம்ம கிருஷ்ணகிரி டேம்ல இல்லாத தண்ணியா?"

"நீங்க பாத்திருக்கியளா சார்?" என்று பொற்கொடி குறுக்கே கேட்டாள்.

"மெட்ராஸுக்கு நான் எத்தினி வாட்டி போயிருக்கேன் தெரியுமா?" என்றார் கங்கப்பன். பிறகு முனிலட்சுமியிடம், "போ, வேணாங்கல. ஆனா நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரத்துல பிரஸ் ஒரு அடி அடிக்கணும், மொத சலான் இதுலருந்து வரணும். மஞ்சள் தடவி ஆட்டோவுல ஏத்தி அனுப்பணும். நீ இல்லாம அது நடக்குமுன்னா நீ போயிட்டு வா" என்றார்.

அதனால்தான் இந்தப் பேச்சு. அணைத்தால் நாளைக்கு எழாது. அவள் இங்கேயே இருக்க வேண்டும். தூங்க விட்டால் யார் வேண்டுமானாலும் மவுஸைத் தொட்டு எழுப்பிவிடலாம், அவள் போகலாம். ஆனால் தூங்குகிற மெஷினுக்குப் பூஜை செய்யலாமா?

ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இன்னும் நிறைய ஷெட் பாக்கி இருந்தது அவருக்கு. கங்கப்பன் அவரிடமே வழக்கைக் கொண்டுபோனார்.

ஐயர் நடந்துகொண்டே கேட்டார். "படுத்திருக்கறவருக்குப் பூஜை கிடையாதுன்னு யார் சொன்னா? ஸ்ரீரங்கத்துல என்ன, நின்னுண்டா இருக்கார்?"

"அவரு சாமிங்க."

"அவர் தூங்கறது அறிதுயில். கண்ணு மூடியிருக்கும், எல்லாம் தெரியும்."

"இதுவும் அதேதாங்க சாமி. மவுஸைத் தொட்டா எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றாள் முனிலட்சுமி அவசரமாக.

"அப்புறம் என்ன? கற்பூரம் எங்கே?"

தீர்ப்பு வந்துவிட்டது. முனிலட்சுமி சுடலைமுத்துவை இழுத்துக்கொண்டு போய் மவுஸ் முன்னால் நிறுத்தினாள். "அண்ணாச்சி, நாளைக்கு இதைத் தொட்டாப் போதும். திரை வர கொஞ்சம் நேரமாவும். அதுவரைக்கும் வேற எதையும் தொடக்கூடாது. ஒரு விரலால தொடுங்க. உள்ளங்கையால இல்ல."

"ஒரு தடவை தெரியாம அடிச்சதுக்கு எத்தன நாளைக்குத்தாம்மா சொல்லுவிய?"

பூஜை ஆரம்பமானது. சுவர் ஓரமாகப் போட்ட மேஜையில் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், அளவுக் கருவிகள், பொற்கொடி பேக்கிங் டேப் வெட்டும் கத்திரி, கேன்டீன் அரிவாள்மனை வரைக்கும் குங்குமப் பொட்டோடு வரிசையாக இருந்தன. முதலாளி கையால்தான் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் வைக்க வேண்டும். கங்கப்பன் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்தார். பிரஸ்ஸுக்கு நெற்றி எது, லேத்துக்கு நெற்றி எது என்று அவருக்குப் பழக்கம். கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார். சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று, எங்கே வைப்பது என்று தெரியாத முகம். நடுவில் மட்டும் வட்டமாக ஒன்று, பொட்டு வைக்கவே செய்த மாதிரி இருந்தது.

"சார், பட்டன்!" என்று முனிலட்சுமி கத்தினாள். மணிச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

கங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து, அந்த வட்டத்தில் வைத்து, பக்தியோடு அழுத்தினார்.

பெட்டி விழித்தது. ஃபேன் உறுமியது. திரை பளீரென்று வந்தது.

"பாத்தீங்களா! சாமியே எழுப்பிட்டாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கங்கப்பனும் மனம் உருகி இன்னும் கொஞ்சம் அழுத்தினார். திரை கறுத்தது. ஃபேன் இழுத்து இழுத்து நின்றது. பச்சைப் புள்ளி அணைந்தது, முனிலட்சுமி காத்திருந்தாள், அது மறுபடி எரியவே இல்லை.

ஐயர் போன பிறகு அவள் கொண்டை ஊசியை எடுத்து முயன்றாள். இடுக்கு முழுக்கச் சந்தனம். பட்டன் பெட்டியோடு பெட்டியாகச் சமமாகப் போய், நெம்பினால் அசையவில்லை.

"நான் அடிச்சேன். நீங்க பக்தியா அமுக்குனிய. பட்டனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் சுடலைமுத்து. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

கங்கப்பன் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். "அய்யோ ராமா. கவனிக்கலம்மா." கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். "இப்ப நாளைக்கு என்னா பண்றது? நீ இருந்துதான் ஆவணும்போல. பஸ்ஸு நாளைக்கும்தான் ஓடும்."

"பஸ் ஓடும் சார், சீட்டு இருக்காது. லீவு முடியுற வரைக்கும் எல்லாம் ஃபுல்லு" என்றாள் பொற்கொடி.

முனிலட்சுமி கொண்டை ஊசி நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கங்கப்பன் அதைப் பார்த்தார். செல்போனை எடுத்து மணிகண்டனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

மணிகண்டன் ராயக்கோட்டையில், அண்ணனின் தக்காளி மண்டியில் இருந்தான். பின்னால் தமிழிலும் தெலுங்கிலும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வர முடியாதுங்க சார். தக்காளிக்குப் பூஜைன்னு சொன்னாப் புரியாது, அழுவிடும். பெட்டியை மாத்துங்கன்னு நான் அப்பவே..."

"பெட்டி பத்தி அப்புறம் பேசுவோம். நாளைக்குக் காலையில அது எந்திரிக்கணும். வழி சொல்லுப்பா."

"வழியா? அந்தச் சின்ன பட்டன் நல்லாத்தானே இருக்குது? மொதல்ல ப்ளக்கைப் புடுங்கிடுங்க. பக்கத்து மூடியைக் கழட்டுங்க. உள்ள கீழ் மூலையில மெல்லிசா ஜோடி ஜோடியா ஒயரு இருக்கும், நுனியில பேரு எழுதியிருக்கும். பவர்னு இருக்கறதை உருவிட்டு, அந்த இடத்துல ரீசெட்னு இருக்கற சின்ன பட்டன் ஒயரைக் குத்துங்க. அவ்வளவுதான். அப்புறம் சின்ன பட்டன்தான் பெரிய பட்டன்."

கங்கப்பன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"டேய் மணி, இதை ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமில்ல?"

"பட்டனுக்குப் பெட்டி மாத்தறதான்னுதானே சார் நீங்க திட்டி அனுப்புனீங்க... ஹலோ? சார், இங்க சிக்னல் சரியில்ல" என்றான் மணிகண்டன். சிக்னல் மிகத் தெளிவாக இருந்தது. போனை அவன்தான் வைத்தான்.

முனிலட்சுமி எழுந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத்து மூடியைப் பார்த்தாள். இரண்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். எல்லாரும் அதே திசையில் திரும்பினார்கள். சின்னது, பெரியது, நட்சத்திர முனை, தட்டை முனை, ஷெட்டில் இருந்த அத்தனை ஸ்க்ரூ டிரைவரும் பூஜை மேஜையில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன.

"எடுக்கக்கூடாது. நாளைக்குத் தொடங்குற வரைக்கும் அது சாமி சொத்து" என்றார் கங்கப்பன்.

"பக்கத்து ஷெட்டுல கேக்கலாமா?" என்றார் சுடலைமுத்து.

"அங்க மட்டும் என்னா? இன்னிக்கு ஓசூர் முழுக்கத் தேடுனாலும் பொட்டு இல்லாத ஸ்க்ரூ டிரைவர் கெடைக்காது."

"பெட்டிக்கும்தான பொட்டு வச்சாச்சு. அதைத் தொறக்கலாமா?"

கங்கப்பன் யோசித்தார். "வேலை வாங்கக்கூடாது. வைத்தியம் பாக்கலாம்."

சாவியை வைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. ஒரு ரூபாய் நாணயம் வழுக்கியது. கேன்டீனிலிருந்து ஒரு ஸ்பூன் வந்தது. அதன் காம்பு வளைந்ததுதான் மிச்சம். சுடலைமுத்து தன் நகத்தை வைத்துத் திருகிப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் மாலையும் வாழைக்கன்றுமாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஏட்டி முனி, இது ஆகுமா பாரு" என்றாள் பொற்கொடி. கைப்பையைத் துழாவி ஒரு நெயில் கட்டரை எடுத்து, அதற்குள் மடிந்திருந்த சின்ன அரத்தை வெளியே திருப்பினாள். "இதுக்கு யாரும் பொட்டு வைக்கல. நானும் வைக்க விட மாட்டேன்."

அரத்தின் கூர்முனை ஸ்க்ரூவின் நட்சத்திரத்தில் உட்கார்ந்தது. முனிலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினாள். ஸ்க்ரூ ஒரு முனகலோடு நகர்ந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே ஷெட்டின் தூசி எல்லாம் பஞ்சாகப் படிந்திருந்தது. கங்கப்பன் டார்ச் அடித்தார். சுடலைமுத்து வாயால் ஊதி, தானே தும்மினார். கீழ் மூலையில், மணிகண்டன் சொன்ன மாதிரியே, மெல்லிய ஒயர் ஜோடிகள். அந்த இடத்துக்குள் முனிலட்சுமியின் விரல்தான் போனது. ஒன்றை உருவினாள். இன்னொன்றை அதன் இடத்தில் குத்தினாள். மூடியைப் போட்டு ப்ளக்கைச் செருகினாள்.

"அமுக்குங்க சார்."

"நானா?" கங்கப்பன் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"சுண்டு விரலால."

அவர் சுண்டு விரலை நீட்டி, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலச் சின்ன பட்டனைத் தொட்டார். ஃபேன் உறுமியது. திரை வந்தது. பொற்கொடி கை தட்டினாள். சுடலைமுத்துவும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க ஆசைப்பட்டார், யாரும் விடவில்லை.

முனிலட்சுமி திரையைப் பார்த்தாள். நேற்று பாதியில் விட்ட சலான் இல்லை. தூக்கத்தில் பத்திரமாக வைத்திருந்ததை எல்லாம், அணைந்தபோது அது மறந்துவிட்டிருந்தது. நாளைக்கு யாராவது முதல் வரியிலிருந்து அடித்துக்கொள்ளட்டும். மூன்று சதுரங்களை வரவழைத்து, பழக்கத்தில் மஞ்சளுக்குப் போன அம்பை நகர்த்திச் சிவப்பில் வைத்தாள். ஒரு கணம் தயங்கினாள். அமுக்கினாள். பெட்டி முறையாக, சத்தமில்லாமல் அணைந்தது.

கங்கப்பன் மறுபடி சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். இந்தத் தடவை பெட்டியின் தலைமேல், எந்தப் பட்டனுக்கும் எட்டாத இடத்தில் பொட்டு வைத்தார்.

"கெளம்பும்மா. பொரி கட்டிக் குடுக்கச் சொல்றேன், வழியில சாப்டுங்க."

மறுநாள் காலை, பொற்கொடி வீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டைத் தாண்டியதும், எதிரே எல்லாம் காலியாகிவிட்டது. மலையில்லை, மரமில்லை, அந்தப் பக்கம் என்று ஒன்றே இல்லை. பெருமூச்சு விடலாம் என்று முனிலட்சுமி நினைத்திருந்தாள். மறந்துவிட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். தூரத்தில் கப்பல் இல்லை. ஒரு கட்டுமரம் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"இது தூங்கவே தூங்காதா?"

"எங்க தூங்குது? இந்தச் சத்தம் கேக்காம இருக்கத்தான் எங்கம்மா பனிக்காலத்துலயும் ஃபேனைப் போடுதா" என்றாள் பொற்கொடி.

அலை வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டு, காலடி மணலை உருவிக்கொண்டு போனது. முனிலட்சுமி வீறிட்டுப் பொற்கொடியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கங்கப்பன்.

"சார்? எந்திரிக்கலைங்களா?"

"எந்திரிச்சுடுச்சும்மா! சுண்டு விரல்லயே. மொத சலான் வந்தாச்சு, மஞ்சள் தடவி வண்டியும் போயிடுச்சு. அண்ணாச்சிதான் டைப் அடிச்சாரு. ஒரு விரல்ல. மொத பிரஸ் அடிக்கு முன்னாடி ஆரம்பிச்சு இப்பத்தான் முடிச்சாரு."

பின்னாலிருந்து சுடலைமுத்து ஏதோ மறுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். முனிலட்சுமியும் சிரித்தாள்.

"அப்ப சரிங்க சார். வெச்சுடட்டுங்களா?"

"இரும்மா. பின்னால அது என்னா, லாரி போற மாதிரி சத்தம்?"

"கடலுங்க சார்."

மறுமுனையில் பிரஸ் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முதல் அடி அடித்ததோடு நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது.

"மெட்ராஸ் போறப்ப எல்லாம் அந்த மெஷின் எக்ஸிபிஷன் ஹாலுலயே பொழுது போயிடும்மா" என்றார் கங்கப்பன். "திரும்பி பஸ் புடிக்கத்தான் நேரம் சரியா இருக்கும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் நிக்கறாங்க. அந்த போனைக் கொஞ்சம் தண்ணிகிட்ட காட்டேம்மா."